பீங்கான் பவளம்

நாற்பதைத் தொடப் போகிற என் வயசுக்காரிகளே, உங்கள் வீட்டிலும் இது நடக்காமல் இருக்காது. மகள் போனை முகத்துக்கு நேரே நீட்டுவாள். அதில் ஒரு பெண், ஏதோ பெரிய டிசைனர் செய்த நெக்லஸின் படத்தைக் காட்டிவிட்டு, அதே மாதிரி வீட்டிலேயே செய்வது எப்படி என்று களிமண்ணை உருட்டிக்கொண்டிருப்பாள். கீழே ஏகப்பட்ட பேர் கைதட்டியிருப்பார்கள். போன வாரம் என் மகள் அப்படி ஒன்றைக் காட்டி, "எவ்ளோ கிரியேட்டிவ் பாரும்மா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. நல்ல விஷயம்தானே, இதற்கு ஏன் எரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாந்தமாகச் சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதையேதான் எங்கள் சித்தி செய்தாள். விருத்தாசலத்தில், செல்போன் வந்த புதிதில், நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில். அவளுக்கு யாரும் கைதட்டவில்லை. பித்தலாட்டக்காரி என்று பட்டம் கொடுத்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. தாத்தா பாட்டி இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் செய்து வைப்பது அப்பாவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அப்பா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவளுக்கு ஞாபகப்படுத்துவார். சித்தி ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தாள். வரிசையாக வரும் வெள்ளைப் பொம்மைகளுக்கு உதடு, பொட்டு, சேலைக்கரை எழுதுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை மாவு பூசிய மாதிரி வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் போனால் ஈர மண்ணும் டர்பன்டைனும் சேர்ந்த ஒரு வாசனை. எனக்கு அது பிடிக்கும். அப்பாவுக்குப் பிடிக்காது. "கை கால கழுவிட்டு உள்ள வா" என்பார், அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அதை நடத்திய அக்கா, பழைய ஃபேஷன் பத்திரிகைகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால் சித்திக்குக் கொடுப்பார். வழவழப்பான தாள். எல்லாம் இங்கிலீஷ். சித்தி பத்தாவதோடு நின்றவள், ஒரு வரி படிக்க மாட்டாள். ஆனால் அவள் அந்தப் படங்களைப் பார்த்த மாதிரி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். எனக்குத் தெரிவதெல்லாம் ஒல்லியான பெண்களும் விலை உயர்ந்த துணியும்தான்.

"முழுசா பாக்காத பாப்பா" என்பாள் சித்தி. "முழுசா பாத்தா நம்மளால முடியாதுன்னு தோணும். கண்ணு எங்க போயி நிக்குதுன்னு பாரு. அது ஒண்ண மட்டும் எடுத்துக்க. மிச்சத்த அத டிசைன் பண்ணவனே வச்சுக்கட்டும்."

என்னுடைய பழைய நீலக் கவுன் ஒன்று வெளுத்துப் போயிருந்தது. ஒரு படத்தில், கவுனின் ஓரமெல்லாம் தையல் வெளியே தெரிகிற மாதிரி பெரிது பெரிதாகப் போட்டிருந்தார்கள். சித்தி என் கவுனை எடுத்து, ஆரஞ்சு நூலில் கழுத்து, கை, அடி ஓரம் முழுக்கப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டாள். கம்பெனியில் வீணாகிற மண்ணில் பட்டன் செய்து சுட்டுக் கொண்டுவந்து தைத்தாள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று இலை, ஒன்று மீன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பட்டன்கூட இன்னொண்ணோட சேரலியேடி."

"சேராம இருக்கறதுக்குத்தான்க்கா அந்த டிசைன் போட்ட ஆளு காசு வாங்கறான்" என்றாள் சித்தி.

அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு நான் கோயில் தேரடிப் பக்கம் நடந்தபோது, கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி அவள் அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். அந்தப் பெருமையில் வீட்டுக்கு வந்தால், அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூத்தாடி மாதிரி இருக்குது, கழட்டு" என்றார். நான் கழற்றவில்லை. கிழிகிற வரை போட்டேன்.

அந்தக் கோடையில்தான் பவள மாலைப் படம் வந்தது. தந்த நிறத்தில் கவுன் போட்ட ஒரு பெண், கழுத்தில் சரம் சரமாகப் பவளம். சித்தி அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. மறுநாளும் அதே பக்கம்.

"என்ன சித்தி, செவப்பா இருக்குதுன்னா பாக்கற?"

"செவப்பு யார் வேணா போடுவாங்க. தொங்கல் எங்க இருக்குது பாரு. நடுவுல இல்ல. தோள்பட்டைகிட்ட ஒதுங்கி இருக்குது. அதான் விசயம்."

பார்த்தேன். பெரிய பவளப் பூ ஒன்று கழுத்துக்கு நடுவில் தொங்காமல் இடது பக்கம் ஒதுங்கி இருந்தது. அவள் சொன்ன பிறகு வேறு எதுவுமே என் கண்ணுக்குப் படவில்லை.

மண்ணை உள்ளங்கையில் மணிமணியாக உருட்டி, ஈர்க்குச்சியால் துளை போட்டு, நிழலில் காயவைத்தாள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். கம்பெனி மேஸ்திரி நல்ல மனுஷன். சூளையில் பொம்மைகளுக்கு நடுவே இடம் இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். முதல் சூட்டில் மணிகள் வெள்ளையாக, சாக்பீஸ் மாதிரி சொரசொரப்பாக வரும். பிறகு பளபளப்புக்காக, பால் மாதிரி இருக்கும் ஒரு மெருகுக் கரைசலில் முக்கி இரண்டாவது சூடு. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஹீட்டர் கம்பியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். பூத் தொங்கல் பெரியது, அதைத் தொங்கவிட முடியாது, தட்டில்தான் படுக்க வைக்க வேண்டும். அப்படிப் படுக்க வைக்கிற எதற்கும் அடியில் அந்தப் பாலைத் துடைத்துவிடுவார்கள். துடைக்காவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எந்தப் பீங்கான் சாமானைத் திருப்பினாலும் அடியில் ஓரிடம் பளபளப்பில்லாமல் வெறும் வெள்ளையாக இருக்கும்.

எங்கள் ஊரில் பீங்கான் வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. அதனால் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், யார் வீட்டில் காபி கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். என் கணவர் வீட்டில் முதல் தடவை பார்த்தபோது, காபி பிடிக்கவில்லையோ என்று மாமியார் பயந்துவிட்டார்.

சிவப்புதான் சித்தியைப் படாத பாடு படுத்தியது. பொம்மை உதட்டுக்குப் பூசுகிற சிவப்பை எடுத்து மணிகளுக்குப் பூசி மூன்றாவது முறை சுட்டாள். ஈரல் நிறத்தில் வந்தது. மறுபடி செய்தாள். இந்த முறை சிவப்பு ஓடிப்போய், வெளிறிய ரோஸ் மட்டும் மிஞ்சியது. உதட்டில் ஒரு புள்ளி சிவப்பு நிற்பது வேறு, ஒரு மணி முழுக்க நிற்பது வேறு என்று மேஸ்திரியே கையை விரித்துவிட்டார். சித்தி விடவில்லை. சாப்பிடும்போதுகூடச் சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்ப்பாள். ஒரு நாள் வேலை விட்டு வந்தவள் கைகூடக் கழுவாமல் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அத்தனையும் பவளம். சத்தியமாகச் சொல்கிறேன், பவளம்தான். "நின்னுடுச்சு பாப்பா, நின்னுடுச்சு" என்று ஒவ்வொரு மணியாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அவளைப் பெண் பார்க்க நல்லூரிலிருந்து வந்தார்கள். நிலம் உள்ள குடும்பம், பையனுக்குக் கடலூரில் வேலை. அப்பா அந்த வாரம் முழுக்கக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தார். சித்தி வெள்ளை கலந்த சந்தன நிறச் சேலை கட்டி, தான் செய்த மாலையைப் போட்டுக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். பூ தோளோரம் ஒதுங்கி இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரின் கண்ணும் அங்கேதான் போய் நின்றது. அவள் கணக்கு தப்பவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "நல்லா இருக்குதே. பவளமுங்களா?"

சித்தி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. பரம்பரைப் பவளம். அவங்க அம்மா வழியில வந்தது."

சித்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, என்னாக்கா இது? மாமா ஏன் அப்படிச் சொல்றாரு?"

"சும்மா இருடி. நல்ல எடம். அமைஞ்சு வரட்டும்."

"நான் செஞ்சதுன்னு சொன்னா அமையாதா?"

அம்மா அவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். ஒரு பெண் தன் கையால் பவளத்துக்கு நிகராக ஒன்றைச் செய்திருக்கிறாள். அதை எடுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு, செத்துப்போன பாட்டியின் தலையில் கட்டுகிறார் ஒரு மனுஷன். கழுத்தில் குன்றிமணித் தங்கம்கூட இல்லாமல் செத்தவர் எங்கள் பாட்டி.

அவர்கள் போன பிறகு சித்தி அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "மாமா, அது பீங்கான்தான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்லலாம், சொல்லலாம். கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்ச பொறவு சொன்னா நான்தானே அந்த வூட்ல இருக்கணும்?"

"வேலைக்குப் போற திமிரு" என்றார் அப்பா அம்மாவைப் பார்த்து. பேச்சு அதோடு முடிந்தது. சித்தி தன் பங்குக்கு ஒன்று செய்தாள். மாலையில் பூத் தொங்கலின் பின்பக்கத்தை அப்படியே விட்டாள். ஒரு துண்டு வெல்வெட் துணியை ஒட்டியிருந்தால் அந்த வெள்ளை அடி யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. பட்டன் தைக்கத் தெரிந்தவளுக்கு வெல்வெட் ஒட்டத் தெரியாதா? மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. இது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். தெருவை அடைத்துச் சின்னதாக ஒரு பந்தல். மாப்பிள்ளை வீட்டார் பவளத்துக்குப் பொருத்தமாக என்று தேடிப் பிடித்துப் பவள நிறத்திலேயே பட்டுச்சேலை வாங்கி வந்திருந்தார்கள். சித்தியை அதைக் கட்ட உள்ளே அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா மாலையை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, "எங்க மருமவ போட்டுக்கப் போற பரம்பரைப் பவளம், பாருங்க" என்று சொந்தக்காரர்கள் நடுவே அனுப்பினார். தட்டு கை மாறி மாறிப் போய், மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் வந்தது. அவர் பிழைக்க வந்து எங்கள் ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். ஆயுசில் பாதியைச் சூளைக்கு முன்னால் கழித்தவர்.

அவர் வேறு என்ன செய்வார்? எடுத்தார், திருப்பினார், அடியைப் பார்த்தார்.

"அட, நம்மூரு பீங்கானு!" என்றார். குறை சொல்லவில்லை, வேவு பார்க்கவில்லை. வெளியூரில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். "எந்தக் கம்பெனி சரக்குங்க இது? என்னா பதமா சுட்டிருக்காங்க!"

அடுத்து வாங்க நீண்டிருந்த கை பின்னால் போனது. அவருக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"என்னாங்க இது? பவளம்னு சொன்னீங்க?"

இப்போதுதான் அப்பா அதைச் செய்தார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்களுக்கே இப்பத்தாங்க தெரியுது. அவ பவளம்னுதான் எங்ககிட்ட சொன்னா. கம்பெனிக்குப் போற பொண்ணு, எங்களையும் சேத்து ஏமாத்திட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மணிகள் காய்வதற்கு முறம் கொடுத்தவளே அவள்தான்.

"பொய்!" என்று நான் கத்தினேன். "அப்பாதான் சொன்னாரு! சித்தி பீங்கான்னு சொல்லிடத்தான் சொன்னுச்சு!"

அப்பா என்னை அறைந்தார். காது கொய்ங் என்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சித்தி வெளியே வந்தாள். பட்டுச்சேலை பாதிதான் கட்டியிருந்தாள், கொசுவத்தைக் கையில் பிடித்திருந்தாள்.

"பீங்கான்தாங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "நான் செஞ்சது. பவளம்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

அந்த அம்மா கேட்கிற நிலையில் இல்லை. "பெத்த மாதிரி வளத்தவருக்கே அல்வா குடுத்திருக்கா, நாளைக்கு என் புள்ளைக்கு என்னா குடுப்பா?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை அதுவரை புது செல்போனைத் திருகிக்கொண்டிருந்தவர், அம்மா எழுந்ததும் எழுந்துகொண்டார். எல்லோரும் போன பிறகு, தாய்மாமன் மட்டும் படியருகே தயங்கி நின்றார். குற்றம் செய்தவர் மாதிரி குறுகிப் போயிருந்தார். மாலையைச் சித்தியின் கையில் கொடுத்தார்.

"நான் ஒரு கூறுகெட்டவன்மா, மன்னிச்சுக்க. ஆனா ஒண்ணு கேக்கணும். செவப்ப எப்படிம்மா நிறுத்துன?"

சித்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அந்த ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் ஒருத்தர் அவளிடம் கேட்டிருந்தால் போதும். கடைசி வரை யாரும் கேட்கவில்லை.

ஊர் பேசியது. கம்பெனி முதலாளி காதுக்கும் போனது. அவருடைய சூளையில் போலி நகை செய்கிறாள் என்று திரித்துச் சொல்லியிருந்தார்கள். வேலை போனது. மேஸ்திரி பரிந்து பேசியும் எடுபடவில்லை. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாலையை மஞ்சள் துணியில் முடிந்து, பீடை கழியட்டும் என்று மணிமுத்தாற்றுப் பாலத்திலிருந்து போட்டுவிட்டு வந்தாள். கோடைக் காலம், ஆற்றில் தண்ணீரே இல்லை. மணலில்தான் விழுந்திருக்கும். நானும் தம்பியும் போய்த் தேடினோம். கிடைக்கவில்லை.

சித்தியை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் கிராமத்துக்கு, தூரத்துச் சொந்தமான ஒரு மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள், பருத்தி எடுக்க. பிறகு அங்கேயே ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தங்கமான மனுஷன், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் சித்தி அதற்குப் பிறகு எதையும் செய்யவில்லை. ஒரு பட்டன்கூட. நான் கல்லூரிக்குப் போனபோது ஒரு ஃபேஷன் பத்திரிகை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். "நல்ல தாளு" என்று சொல்லி, மகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டாள். நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்பா முடிய விடவில்லை. வயசாக வயசாக, இந்தக் கதை அவருக்கு ஒரு தமாஷாகிவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, எதுவானாலும் சரி, இலை முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். கதையில் அவர் பாவம், ஒன்றும் தெரியாத அப்பாவி. சித்திதான் கில்லாடி. எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். அவள் சிரிப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

போன மாதம் தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பந்தி நடந்தது. என் மகள் ஆன்லைனில் வாங்கிய பீங்கான் கம்மல் போட்டிருந்தாள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "உங்க சின்னப் பாட்டிகூட ஒரு காலத்துல பீங்கான காட்டிப் பவளம்னு ஊரையே ஏமாத்தப் பாத்தா, தெரியுமா?"

என் மகள் சித்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த சோற்றை இலையில் போட்டேன்.

"பவளம்னு சொன்னது நீங்க. அத்தன பேர் முன்னாடி அவங்க மேல பழியப் போட்டதும் நீங்க. நான் அங்கதான் நின்னேன். அறைஞ்சீங்க."

பந்தி நின்றுவிட்டது. அம்மா, "நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி இதெல்லாம்" என்றாள். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்படியா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே. எத்தினி வருசம் ஆச்சு."

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சித்தி மோர் பரிமாறிக்கொண்டு வந்தவள், என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விடு பாப்பா. மாமாவுக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஞாபகம் இல்லாதவரு ஒவ்வொரு விசேஷத்துலயும் அதையே எடுத்துச் சொல்லிக்கிட்டு இருப்பாரா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு மோர் கேட்டார். வாளி சித்தியின் கையில்தான் இருந்தது. அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.